ரிசப்ஷன் மேடைக்குக் கோட்டா, பந்த்கலாவா, பட்டு வேட்டியா?

கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்குக் குடும்பமே கிளம்பிக் காஞ்சிபுரம் போகும். ரிசப்ஷன் புடவைக்கு வேறொரு நாள், பிளவுசில் ஆரி வேலை செய்யக் கொடுக்க இன்னொரு நாள் என்று இரண்டு மாதம் ஓடும். மாப்பிள்ளையின் ரிசப்ஷன் உடை மட்டும் "அதுக்கென்ன, கடைக்குப் போனா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்" என்று கடைசி வாரத்துக்குப் போய்விடுகிறது. அந்த அரை மணி நேரத்தில் எடுத்த உடையோடுதான் அவர் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை மேடையில் நிற்கப் போகிறார். ஆல்பத்தில் பாதிப் பக்கங்களில் இருக்கப்போவதும் அதுதான். அதன்பின் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கோட் பீரோவின் ஓரத்தில் தொங்கி, சில வருடங்களில் யாருக்கும் பொருந்தாமல் போகிறது. இவ்வளவு செலவழித்து வாங்கும் உடை ஓர் இரவோடு முடிந்துவிடக் கூடாது என்பது என் பலத்த எண்ணம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோடு செய்ததுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தால், நல்ல துணி எடுத்து டெய்லரிடம் தைத்த பந்த்கலா எனப்படும் மூடிய கழுத்துக் கோட், அல்லது வேலைப்பாடு எதுவும் இல்லாத இரண்டு பீஸ் கோட் சூட். அவகாசம் இல்லையென்றால், தோள் சரியாக உட்காரும் ரெடிமேட். ஷெர்வானிதான் வேண்டுமென்றால் வாடகை. மாப்பிள்ளைத் தோழர், அண்ணன் தம்பிமார் என்றால் யோசிக்கவே வேண்டாம், வேட்டி.

உடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த இரவைப் பற்றி யோசிக்க வேண்டும். மண்டபம் ஏ.சி.யாக இருந்தாலும் மேடை குளிராது. வீடியோ விளக்குகள் முகத்துக்கு நேராக எரியும், பின்னால் பூ அலங்காரம் காற்றை மறைக்கும். வருகிறவர்கள் கை குலுக்குவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். கழுத்தில் ரோஜா மாலை விழும். கட்டும்போது தெளித்த தண்ணீர் அதில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் மேடை ஏறினால் குனிந்து காலில் விழ வேண்டும். கடைசியில் பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும். கடைக் கண்ணாடி முன் இரண்டு நிமிடம் நேராக நின்று பார்ப்பது இதில் எதையும் காட்டாது. ட்ரையல் அறையில் கையை மேலே தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள், பக்கத்தில் நிற்பவரைக் கட்டிப்பிடியுங்கள். சங்கடம் எதுவானாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மாதமும் முக்கியம். தை மாத ரிசப்ஷனுக்கு எந்தக் கோட்டும் சரிதான். சித்திரை, வைகாசி என்றால் சென்னையில் மாலையிலும் வியர்வை நிற்காது. அந்த மாதங்களில் வெய்ஸ்ட் கோட்டோடு வரும் மூன்று பீஸ் சூட்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கோட் சூட் நம் ஊருக்குப் புதிதல்ல. ஜானவாசத்தில் மாப்பிள்ளை கோட் சூட்டோடு திறந்த காரில் ஊர்வலம் வருவதும், அந்தக் கோட்டைப் பெண் வீட்டார் எடுத்துக்கொடுப்பதும் பல தலைமுறைப் பழக்கம். இப்போது கடைகள் அதிகம் எடுத்துக் காட்டுவது டக்ஸிடோ. காலர் மடிப்பில் பளபளவென்று சாட்டின் வைத்த கறுப்புக் கோட். அது இரவு விருந்துக்கென்றே பிறந்த உடை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாட்டினால் அதை வேறெங்கும் போட முடியாது. அலுவலக நிகழ்ச்சிக்கோ நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கோ போட்டுப் போனால் பொருந்தாமல் நிற்கும். போதாததற்கு ஃபிளாஷ் வெளிச்சம் சாட்டினில் பட்டு வெள்ளைக் கோடாகத் தெறிக்கும். சாட்டின் இல்லாத சாதாரணக் காலர் வைத்த கோட்டை வாங்கினால் அடுத்த பத்து வருடம் வேலைக்கு ஆகும்.

நிறத்தில் என் தேர்வு கறுப்பு அல்ல, மிட்நைட் புளூ எனப்படும் அடர் கருநீலம். செயற்கை வெளிச்சத்தில் கறுப்புத் துணி சற்றே சாம்பலாகவோ பச்சையாகவோ வெளிறும். கருநீலம் கறுப்பைவிட ஆழமாகத் தெரியும். பிரிட்டனில் பின்னாளில் விண்ட்சர் கோமகன் ஆன எட்டாம் எட்வர்டு இரவு உடைக்கு இந்த நிறத்தைப் பிரபலமாக்கினார். நம் மண்டப விளக்குகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அரக்கு, மயில் கழுத்துப் பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பெண்ணின் பட்டு எந்த நிறமானாலும் பக்கத்தில் அடிவாங்காது. புடவைக்கு மேட்சாக மெரூன் கோட் எடுப்பது இப்போது நிறைய நடக்கிறது. அந்த மெரூனை இன்னொரு முறை எங்கே போடுவீர்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். புடவை நிறம் வேண்டுமென்றால் டையிலும் கைக்குட்டையிலும் கொண்டுவரலாம். மிக நெருக்கமான மெல்லிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் வேண்டாம், வீடியோவில் அவை அலை அலையாக நெளியும்.

துணிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். நம் கடைகளில் சூட் துணியாக அதிகம் விற்பது பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி விஸ்கோஸ். விலை குறைவு, கசங்காது, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது. தன் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் ஈரம் தெரியாமலே, உள்ளே வாங்கிக்கொள்ளும். "உல்லன்னா நம்ம ஊருக்குச் சூடாச்சே" என்று பயந்து விலகுகிறவர்கள்தான் அதிகம். மெல்லிய நெசவு உல்லன் துணி, முழு அகலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 220 முதல் 260 கிராம் வரை எடையுள்ளது, அதே எடை பாலியஸ்டரைவிட மேடையில் உடலுக்குச் சுகமாக இருக்கும். முழு உல்லனுக்குக் கை எட்டவில்லையென்றால், பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெரி உல் எடுக்கலாம். அதில் பாதியாவது கம்பளி இருக்கிறதா என்று துணியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்துப் பாருங்கள்.

துணி ஓரத்தில் சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150 என்றும் எழுதியிருக்கும். எண் ஏற ஏறத் தரம் ஏறுகிறது என்று விற்பனையாளர் சொல்வார். அந்த எண் சொல்வது இழையின் மெலிவை மட்டும்தான். சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மேல் போகாது; 120 என்றால் 17.75, 150 என்றால் 16.25. மெலிய மெலியத் தொடுவதற்கு வெண்ணெயாக இருக்கும், ஆனால் கசங்கும், முழங்கையிலும் தொடையிலும் சீக்கிரம் தேயும். நாலு மணி நேரம் நின்று, குனிந்து, உட்கார்ந்து எழப் போகும் மாப்பிள்ளைக்குச் சூப்பர் 100 அல்லது 110 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைத் தையலில் போடுங்கள்.

உள்ளே வைக்கும் லைனிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். வெளியே நல்ல உல்லன் போட்டுவிட்டு உள்ளே முழுக்கப் பாலியஸ்டர் லைனிங் வைத்தால் மழைக்கோட் போட்ட மாதிரி வேகும். விஸ்கோஸ் லைனிங் வைக்கச் சொல்லுங்கள், முதுகில் பாதி வரை போதும் என்று சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும்.

இனி பந்த்கலா. ஜோத்பூர் அரண்மனையோடு சேர்த்துப் பேசப்படும் இந்த மூடிய கழுத்துக் கோட் இன்று நாடு முழுவதற்கும் பொது உடை ஆகிவிட்டது. முசோரியில் ஐ.ஏ.எஸ். பயிற்சிக்குப் போகிறவர்கள் முறையான நிகழ்ச்சிகளுக்கு அணிவது இதைத்தான். நம் ரிசப்ஷனுக்கு இது ஏன் நன்றாகப் பொருந்துகிறது என்றால், முதலாவது மாலை. கோட் சூட்டின் மேல் மாலை விழுந்தால் காலர் மடிப்பு நசுங்கும், டை கோணும், ஈரம் சட்டையில் இறங்கும். மாலையைக் கழற்றியதும் யாராவது ஓடிவந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். பந்த்கலாவில் நசுங்க மடிப்பும் இல்லை, கோண டையும் இல்லை. அடுத்தது, பட்டுப் புடவையும் நகையுமாக நிற்கும் பெண்ணின் பக்கத்தில் அது ஒரே வீட்டு உடையாகத் தெரியும். பின்னால் உடன்பிறந்தவர் கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா, வெளிநாட்டில் முறையான விருந்து என்று எங்கும் தயங்காமல் போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. கழுத்து மூடியே இருப்பதால் வெக்கை அதிகம். கழுத்து குட்டையானவர்களுக்கும் தாடை கனமானவர்களுக்கும் முகம் தோளில் உட்கார்ந்த மாதிரித் தெரியும். அவர்களுக்குக் கோட் சூட்டே மேல். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், காலர் உயரம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்று டெய்லரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். உள்ளே காலர் இல்லாத பருத்திச் சட்டை போதும். மார்பில் கல், ஜரிகை, மயில் எதுவும் வேண்டாம். நல்ல பட்டன்கள் இருந்தாலே நிறைவாக இருக்கும்.

ஷெர்வானியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கனம், வெக்கை, முழங்கால் வரை நீளம், பிறகு எங்கும் போட முடியாத வேலைப்பாடு. ஆசை இருந்தால் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள்.

பட்டு வேட்டிக்கு இந்தப் பட்டியலில் இடம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். ரிசப்ஷன் என்றால் கோட்தான் முறையான உடை, வேட்டி காலை முகூர்த்தத்துக்கு என்று ஒரு பிரிவினை நம் மனதில் படிந்திருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் வேட்டிக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. வேட்டி உடுத்தியவரை அனுமதிக்க மறுக்கும் கிளப்பின் உரிமத்தையே ரத்து செய்யலாம். ஆக, எந்த மண்டபத்திலும் எந்த விருந்திலும் வேட்டி முறையான மாலை உடைதான், அதில் இரண்டாவது பேச்சு வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் நான் இதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். மறுநாள் அதிகாலை முகூர்த்தத்தில் அவர் எப்படியும் பட்டு வேட்டியில்தான் இருப்பார்; இரண்டு நிகழ்ச்சிப் படங்களும் ஒன்றுபோல் ஆகிவிடும். ரிசப்ஷன் தனி நாளில், வேறு ஊரில் என்றால் அந்தக் காரணமும் இல்லை. அப்போது சேலம் வெண்பட்டு வேட்டி எடுங்கள். உயரமானவர்களுக்கு அகலக் கரை அழகு, குட்டையானவர்கள் ஓர் அங்குலத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பட்டுச் சட்டையில் மட்டும் கவனம் தேவை. சந்தன நிறப் பட்டில் வியர்வை பட்டால் அந்த இடம் கறுத்துத் தெரியும், இறுக்கமாகத் தைத்தால் முதுகுத் தையலில் இழை விலகும். கை வைத்த பருத்திப் பனியன் உள்ளே போட்டு, சட்டையை ஒரு விரல் தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள். பட்டு வேட்டிக்கு மேல் நல்ல பருத்திச் சட்டை போட்டாலும் குறை எதுவும் தெரியாது. பட்டு வழுக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் உள்ளே பெல்ட் போட்டுக் கட்டுவது நிம்மதி. வெல்க்ரோ வைத்து வருவதும் தவறில்லை.

அடுத்த கேள்வி, கோட்டையோ பந்த்கலாவையோ எப்படிப் பெறுவது. ரெடிமேடின் பெரிய வசதி, போட்டுப் பார்த்து வாங்கலாம். பெரிய குறை, தோள். கோட்டில் இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், பேன்ட்டை எப்படியும் சரிசெய்யலாம். தோளையும் கோட்டின் நீளத்தையும் யாராலும் ஒழுங்காகத் திருத்த முடியாது. சுவரோரம் பக்கவாட்டில் சாய்ந்து நில்லுங்கள். உங்கள் கை சுவரில் படுவதற்கு முன்னால் கோட்டின் தோள் பட்டால் அது உங்களுக்குப் பெரிது. பின்கழுத்தில் கோட் காலருக்கும் சட்டைக் காலருக்கும் இடைவெளி விழுந்தாலும் விட்டுவிடுங்கள். "ஆல்ட்டர் பண்ணிடலாம் சார்" என்று சொன்னால் எதை ஆல்ட்டர் செய்வார்கள் என்று கேளுங்கள்.

செட்டாக வரும் ரெடிமேட் சூட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 40 அளவுக் கோட்டோடு பெரும்பாலும் 34 இடுப்புப் பேன்ட் வரும். மார்புக்கும் இடுப்புக்கும் ஆறு அங்குல வித்தியாசம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கோட்டும் பேன்ட்டும் தனித்தனி அளவில் விற்கும் கடையைத் தேடுவது நல்லது. கீழ்ப் பட்டன் துளைக்குக் கீழே துணியை இரு விரலால் கிள்ளி இழுத்தும் பாருங்கள். வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் தனியாக ஒரு படலம் நழுவினால் கேன்வாஸ் வைத்துத் தைத்தது. எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தால் பசை வைத்து ஒட்டியது. ஒட்டியது நாலைந்து ட்ரை கிளீனிங்குக்குப் பின் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழக்கூடும்.

தைப்பதில் விலைக் கணக்கும் இப்போது சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேட் உடைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதற்கு முன் 12 ஆக இருந்தது. மீட்டர் கணக்கில் எடுக்கும் துணிக்கு 5 சதவீதம்தான். வரிக்கு முன் 12,000 ரூபாய் சூட்டில் 2,160 ரூபாய் வரி போகிறது. 6,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் வரி 300. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் தனி டெய்லர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதால் தையல் கூலிக்கு அங்கே வரி விழாது. நல்ல கூலி கொடுத்தாலும் கையில் கிடைப்பது அதே விலை ரெடிமேடைவிட மேலான உடை.

58 அங்குல அகலத் துணியில் ஒரு சூட்டுக்கு 3 முதல் 3.25 மீட்டர் வேண்டும். உயரமானவர்கள் டெய்லரைக் கேட்டுவிட்டு எடுங்கள். சென்னையில் கோடவுன் தெருவின் மொத்தக் கடைகளில் சூட் துணி பார்க்கலாம், ஆனால் விகிதத்தைப் படிக்கத் தெரிந்தவரோடு போங்கள். டெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது, சட்டை பேன்ட் நன்றாகத் தைக்கிறார் என்பதற்காகக் கோட்டைக் கொடுத்துவிடக் கூடாது. கோட் தனி வேலை. கடையில் தொங்கும் வேறொருவர் கோட்டைப் பார்க்கக் கேளுங்கள். கட்டம் போட்ட கோட்டாக இருந்தால் பாக்கெட்டில் கட்டங்கள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு, கை பொருத்தும் முன் ஒரு ட்ரையல் தருவாரா என்று கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். அளவெடுக்கும்போதே "கல்யாணத்துக்கு முன்னாடி உடம்பைக் குறைக்கப் போறீங்களா தம்பி?" என்று கேட்கிற டெய்லர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் தையலுக்குள் துணி விட்டு வைப்பார்.

ட்ரையலுக்கு அன்று போடப்போகும் அதே சட்டை, அதே ஷூவோடு போங்கள். ஐந்து ஆறு வாரம் முன்னால் துணி, மூன்று வாரம் முன்னால் முதல் ட்ரையல், ஒரு வாரம் முன்னால் கடைசி ட்ரையல் என்று வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்த டெய்லரிடமும் போகாதீர்கள். ஆவணிக் கல்யாணம் என்றால் ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். கல்யாணம் இல்லாத மாதத்தில் அவருக்கும் நிதானமாகத் தைக்க நேரம் இருக்கும், ஆடித் தள்ளுபடியில் துணியும் மலிவாகக் கிடைக்கும்.

வாடகை யாருக்குச் சரி? கோட்டே போடாத வேலையில் இருப்பவர், இனியும் போடப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர், கல்யாணச் செலவில் ஏற்கெனவே கழுத்துவரை நிற்பவர். இவர்கள் தயங்க வேண்டியதே இல்லை, மேடையில் அது யாருக்கும் தெரியாது. எடுக்கும்போது அக்குளிலும் காலரிலும் முகர்ந்து பாருங்கள், பட்டன் எண்ணிப் பாருங்கள், கறை பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் மறுநாள்தான். அன்று காலை உங்கள் வீட்டில் எல்லோரும் முகூர்த்தத்தில் இருப்பார்கள். மாமா பையன் ஒருவரிடம் ரசீதையும் கோட்டையும் இரவே ஒப்படைத்துவிடுங்கள்.

சொந்தக் கோட் என்றால் அன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கழற்றியதும் அகலத் தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, பாக்கெட்டில் உள்ள மொய்க் கவர்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள். மாலைச் சாயமும் சந்தனமும் பட்ட இடத்தை ஈரத் துணியால் தேய்க்க வேண்டாம், ட்ரை கிளீனிங்கில் கொடுக்கும்போது காட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அவர்கள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டுப் பருத்தி உறைக்கு மாற்றுங்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் உல்லனில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.